உபதேசியாருக்குரிய இடத்தைத் திரும்பக் கொடுங்கள்

தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளின் வரலாற்றை யார் சொல்லத் தொடங்கினாலும் 1706 ஜூலை 9-இல்தான் தொடங்குவார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாள் அது. பிறகு அச்சுக்கூடம், தமிழில் அச்சேறிய புதிய ஏற்பாடு, 1718-இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம் என்று கதை வளரும். இந்தக் கதையில் எப்போதும் அரை வரியில் கடந்துபோகிறவர்கள் உபதேசியார்கள். ஆனால் ஊர் ஊராக நடந்து, திண்ணையில் உட்கார்ந்து, வேதம் வாசித்துக் காட்டி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துச் சபையை உருவாக்கியவர்கள் அவர்கள்தான். இன்று ஒரே ஆயர் பல ஊர்களைச் சுமந்துகொண்டு திணறுகிறார். உபதேசியார் இருந்த இடம் பல ஊர்களில் காலியாகக் கிடக்கிறது. இருக்கிற இடங்களிலும் அது கோயிலைத் திறந்து மணி அடிக்கிற வேலையாகச் சுருங்கிவிட்டது. நல்ல பயிற்சியும் முறையான சம்பளமும் மரியாதையும் கொடுத்து அந்தப் பணியை மறுபடி நிறுத்துவதுதான் லுத்தரன் சபை முதலில் செய்யவேண்டிய காரியம் என்பது என் வாதம்.

அன்று உபதேசியார் ஏன் தேவைப்பட்டார் என்று பார்த்தால் இன்று ஏன் தேவை என்பதும் விளங்கும். டேனியர் கையில் இருந்தது தரங்கம்பாடியும் அதைச் சுற்றிய சில கிராமங்களும் மட்டுமே. அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய அரசின் எல்லை. ஐரோப்பிய மிஷனரி அங்கே நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. தமிழ்நாட்டு ஆள் போகலாம். அந்த ஊர்ப் பேச்சைப் பேசலாம். உறவுமுறை தெரிந்து பழகலாம். சீகன்பால்கு இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். 1716-இலேயே உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கத் தரங்கம்பாடியில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. 1719-இல் அவர் இறந்தபோது வயது 36. அவருக்குப் பின் பணி நின்றுபோகாமல் காவிரிக்கரை ஊர்களுக்குள் பரவியதென்றால், அதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களைத் தாமே வாசித்து மனம் திரும்பியவர். 1728 முதல் உபதேசியாராக வேலை செய்தார். இத்தகைய பணியாளர்கள் எங்கே போனார்கள், யாரைச் சந்தித்தார்கள், அந்த வீட்டில் என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அவை ஜெர்மன் மொழிக்குப் போய், ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியான மிஷன் அறிக்கைகளில் இடம்பெற்றன. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையின் ஒரு சாதாரணக் கிறிஸ்தவ வீட்டுக்குள் எட்டிப்பார்க்க விரும்புகிற ஆராய்ச்சியாளர் இன்றும் அந்த அறிக்கைகளைத்தான் புரட்டுகிறார்.

இன்றைய நிலைக்கு வருவோம். கிராமங்கள் நிறைந்த ஒரு சேகரத்தின் ஆயருடைய ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். காலையில் தலைமை ஆலயத்தில் ஆராதனை. முடிந்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நற்கருணைப் பாத்திரத்தைப் பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, இருசக்கர வண்டியில் அடுத்த ஊருக்கு ஓட்டம். அங்கே ஒரு ஞானஸ்நானம், ஒரு கல்யாண ஓலை வாசிப்பு. மத்தியானத்துக்குமேல் இன்னோர் ஊர். வார நாட்களிலாவது வீடு சந்திக்கலாம் என்றால் பள்ளிக்கூட நிர்வாகம், சொத்துப் பத்திரம், கமிட்டி கணக்கு, திருமணப் பதிவேடு என்று வரிசையாக நிற்கும். தேர்தல் காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திருச்சபைத் தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படியேறுவது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. இவ்வளவுக்கும் நடுவில், பக்கவாதம் வந்து ஆறு மாதமாகக் கட்டிலில் கிடக்கிற பாட்டியின் வீட்டுக்கு ஆயர் எப்போது போவார்? பண்டிகைக்கு முன்னால் ஒரு தரம் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மனிதர் செய்ய முடியாத வேலையை ஒரு மனிதர் தலையில் வைத்துவிட்டு, அது நடக்கவில்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

இதை ஆள் பற்றாக்குறை என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆயர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். நான் அப்படிப் பார்க்கவில்லை. லுத்தரன் சபை என்பது ஆயரை மட்டும் நம்பி வடிவமைக்கப்பட்டதே அல்ல. ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற சிறு நகரத்துச் சபை 1523-இல் யோசனை கேட்டபோது, போதனை சரியா தவறா என்று நிதானிக்கவும், போதகரை அழைக்கவும், தேவைப்பட்டால் விலக்கவும் கூடிவந்த சபைக்கே உரிமை உண்டு என்று மார்ட்டின் லுத்தர் எழுதினார். அதே ஆண்டில் அந்த நகரத்தார் ஒரு பொதுப் பெட்டிக்கும் ஒழுங்கு வகுத்தார்கள். போதகரின் சம்பளம், பள்ளிக்கூடம், ஏழைகளின் பராமரிப்பு எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து. கணக்கு சபையாரின் கையில். சில ஆண்டுகள் கழித்துச் சாக்ஸனி சபைகளைச் சுற்றிப் பார்த்த லுத்தர் மனம் நொந்துபோனார். கிராமத்து ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை. பல போதகர்களுக்குக் கற்பிக்கவும் தெரியவில்லை. அதன் விளைவுதான் 1529-இல் வந்த சிறிய ஞானோபதேசம். அதன் பகுதிகளின் தலைப்பிலேயே, குடும்பத்தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்று குறித்திருக்கிறார். அதாவது லுத்தரன் மரபில் முதல் உபதேசியார் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். வீட்டுக்கும் பீடத்துக்கும் நடுவே நடமாட ஒருவர் வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கும்வரை ஆயர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் பாட்டியின் வாசற்படியை யாரும் மிதிக்கப்போவதில்லை.

முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்று 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14-ஆம் பிரிவு சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பிரிவின் அழுத்தம் முறையான அழைப்பின்மேல் இருக்கிறது. சபை ஆராய்ந்து, பயிற்சி கொடுத்து, ஆராதனையில் எல்லோர் முன்பும் நிறுத்தி ஜெபித்து அனுப்புகிற உபதேசியார், தம் வேலைக்கு முறைப்படி அழைக்கப்பட்டவரே. ஞானஸ்நானமும் நற்கருணையும் ஆயரிடமே இருக்கட்டும். வேதபாடம், வீடு சந்திப்பு, நோயாளி பராமரிப்பு, திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது ஆகியவற்றுக்குப் பீடத்துச் சிலாக்கியம் தேவையில்லை. ஒழுங்கின் பெயரால் சாதாரண விசுவாசியின் வாயைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு லுத்தரன் உலகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நார்வே நாட்டுக் குடியானவர் ஹான்ஸ் நீல்சன் ஹாவ்கே ஊர் ஊராகப் போய் வேதம் பேசினார். போதகரின் மேற்பார்வை இல்லாமல் கூட்டம் நடத்தக்கூடாது என்ற 1741-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 1804-இல் அவரைப் பிடித்து ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். சட்டம் 1842-இல் ரத்தானது. நார்வே சபையின் பக்தி வாழ்க்கைக்கு யார் உரம் போட்டார்கள் என்று கேட்டால், இன்று அங்குள்ளவர்கள் சொல்வது அந்தக் குடியானவரின் பெயரைத்தான்.

படிப்பு குறைந்தவர்களை அனுப்பினால் உபதேசம் திரிந்துபோகும் என்ற பயத்தையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பயத்துக்கு மருந்து பயிற்சிதான். ஆளையே அனுப்பாமல் விடுவது மருந்தாகாது. லுத்தரன் குடும்பங்கள் பக்கத்துத் தெரு ஜெபவீட்டுக்குப் போய்விடுகின்றன என்ற கவலையைக் கமிட்டிகளில் கேட்கலாம். பெரும்பாலும் அவர்கள் ஞானஸ்நான உபதேசத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் யார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தாரோ, அவர் பின்னால் போகிறார்கள். இதில் அவர்களைக் குற்றவாளிகளாக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தியோப்பியாவின் மெக்கானே யேசுஸ் லுத்தரன் சபையைப் பாருங்கள். 1959-இல் அது தனிச் சபையாக அமைந்தபோது உறுப்பினர்கள் சில பத்தாயிரம் பேர். பிறகு வந்த ராணுவ ஆட்சி கோயில்களைப் பூட்டியது. சபையின் பொதுச் செயலாளர் குதினா தும்சா 1979-இல் கடத்திக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் வீடுகளுக்குள் சபையைக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் அபிஷேகம் பெறாத சாதாரண விசுவாசிகள். இன்று அச்சபையார் ஒரு கோடிக்கும் மேல். அதே வளர்ச்சி இங்கேயும் வரும் என்று நான் சொல்லவில்லை. நாடும் சூழலும் வேறு. ஆயர் குறைவாக இருந்தால் சபை தேய்ந்துதான் போகும் என்பது உண்மையல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி கமிட்டியில் நிச்சயம் எழும். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். ஆலய முற்றத்தில் ஒரு பூசணிக்காய் மேசைமேல் ஏறும். கடையில் வாங்கினால் நாற்பது ஐம்பது ரூபாய். ஏலம் கூறுகிறவர் குரலை உயர்த்த, முன்வரிசையில் ஒருவர் ஐந்நூறு என்பார். சென்னையிலிருந்து பண்டிகைக்கு வந்த அவருடைய மைத்துனர் விட்டுக்கொடுக்காமல் ஆயிரம் என்பார். எடுத்தவர் அதையே திரும்பக் கோயிலுக்குக் கொடுத்துவிட, அது மறுபடி மேசைமேல் ஏறும். அதற்குமுன் எத்தனையோ வாரமாகப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒதுக்கி வைத்திருப்பார்கள். கொடுக்கிற மனசு சபையில் வற்றிப்போகவில்லை. கொடுப்பது கோபுரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது, மனிதருக்குப் போவதில்லை. ஒவ்வொரு சேகரமும் பண்டிகை வருமானத்தில் ஒரு பங்கை உபதேசியார் சம்பளத்துக்கு என்று எழுதி வைக்கலாம். பத்தாத சேகரத்துக்கு வசதியுள்ள நகரத்துச் சபை கைகொடுக்கலாம்.

எனக்கே மிகவும் கனமாகத் தெரிகிற ஆட்சேபம் வேறொன்று. உபதேசியார் என்ற பதவி ஒரு காலத்தில் பூட்டாகவும் பயன்பட்டது. 1733-இல் குருப்பட்டம் பெற்று முதல் இந்திய லுத்தரன் ஆயரான ஆரோன், கடலூர் வேளாளர். அவரும் முதலில் உபதேசியார்தான். 1741-இல் இரண்டாவது ஆயரை அபிஷேகம் செய்யும் காலம் வந்தபோது, திறமையிலும் உழைப்பிலும் முன்னால் நின்றவர் ராஜநாயக்கன். ஆனால் அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதியார் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கி, தியோகு என்பவரை அபிஷேகம் செய்தார்கள். கிறிஸ்துவின் பந்தியில் சாதி கேட்ட அந்த முடிவு தவறு. அந்தக் காலத்துச் சூழ்நிலை என்று சொல்லி அதை நியாயப்படுத்த நான் தயாராக இல்லை. ஆகவே தலித்துகளுக்கும் பெண்களுக்கும் உபதேசியார் வேலை, மற்றவர்களுக்குப் பீடம் என்ற பிரிவினை இந்த ஏற்பாட்டின் வழியாக மறுபடி தலையெடுக்கும் என்று யாராவது அஞ்சினால் அந்த அச்சத்தில் அர்த்தம் இருக்கிறது. அதற்குப் பயந்து பணியையே கைவிட்டால் நஷ்டம் கிராமத்து ஏழைகளுக்குத்தான். பூட்டை உடைப்பதே வழி. பல ஆண்டு நல்லபடி பணிசெய்த உபதேசியார், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியிலிருந்து வந்தவரோ, இறையியல் கல்லூரிக்குப் போய் அபிஷேகம் பெறச் சபை தன் செலவில் வழி திறக்க வேண்டும். அது புதுமை இல்லை. தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு வேலை செய்த உபதேசியார் சத்தியநாதன் 1790-இல் அபிஷேகம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். திருநெல்வேலிச் சீமையின் சபைகள் வேர்பிடித்ததில் அவர் பங்கு பெரியது. சேகரக் கமிட்டியில் உபதேசியாருக்கு வாக்குரிமையோடு ஓர் இடமும் வேண்டும். வீடு வீடாகப் போகிறவரின் பேச்சைக் கேட்காமல் சபையைப் பற்றி எப்படி முடிவெடுக்க முடியும்?

பெண்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பைபிள் உமன் என்று சபையார் அழைத்த பெண்கள், ஆண்கள் வாசலோடு நின்றுவிட்ட வீடுகளில் அடுப்படிவரை போய் உட்கார்ந்து பேசியவர்கள். குடிகாரப் புருஷனின் அடியைப் பற்றி ஒரு பெண் ஆயரிடம் சொல்லமாட்டாள், அவர்களிடம் சொன்னாள். பேருக்கு ஏதோ கொடுத்து வேலை வாங்கிவிட்டு, முதுமையில் அவர்களை மறந்த பாவம் சபைகளுக்கு உண்டு. இனி வருகிறவர்களுக்கு எழுத்துப்பூர்வமான நியமனம், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் ஆகியவை தர்மமாக இல்லாமல் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் தன் சொந்தக் காலில் நின்றது, நூறாண்டும் தாண்டிவிட்டது. சேகரக் கமிட்டிகளில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசிப்பதற்கு முன்னால், கடந்த ஓராண்டில் சபையிலிருந்து யாருமே போய்ப் பார்க்காத வீடுகளின் பட்டியலை வாசியுங்கள். பிறகு அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உபதேசியார் சம்பளம் என்று ஒரு தலைப்பைச் சேருங்கள். ஜூலை 9 ஆராதனையில் சீகன்பால்கின் பெயரோடு ராஜநாயக்கனின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். அவர் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.