தூண்டில் பூச்சி வாங்கும் தம்பிமாருக்கு



என்னிடம் விஞ்ஞானம் படித்த பழைய மாணவர் ஒருவர் போன கிழமை கினிகத்தேனை டவுனில் என்னை மறித்து ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே 24 செயற்கைப் பூச்சிகள். இறகு, நூல், மினுங்கும் சரிகை என்று பெருநாள் கடை மாதிரி இருந்தது. ஓன்லைனில் எடுத்ததாம். (இப்படிப் பூச்சிகளைக் கையால் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது.)

"நுவரெலியாப் பக்கம் குளத்தில ட்ரவுட் பிடிக்கப் போறம் சேர். எந்தக் கலருக்குக் கொத்தும்?"

"கலரை விடு மகன். கொக்கியைப் பார்த்தியா?" என்றேன். பார்க்கவில்லை.

ட்ரவுட் நம் மண்ணின் மீன் அல்ல. 1880களில் வெள்ளைக்காரர் முட்டைகளாகக் கப்பலில் கொண்டுவந்து மலைநாட்டு நீரில் விட்டார்கள். 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப்பையும் தொடங்கினார்கள். ஹோட்டன் சமவெளி ஆறுகளில் தானாகப் பெருகியது ரெயின்போ ட்ரவுட். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நம் கினிகத்தேனைச் சூடு ஒத்துவராது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கே நினைத்தபடி தூண்டிலோடு போக முடியாது. குளம் என்றாலும் உரியவரிடம் கேட்டுவிட்டே போங்கள்.

ஆற்றில் பூச்சியைத் தண்ணீர் இழுத்துப் போகும், மீன் யோசிக்க நேரமில்லை. குளத்தில் தண்ணீர் நிற்கிறது. மீன் ஆறுதலாகப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். அது தின்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது: தும்பியின் குஞ்சுகள், கொசு மாதிரிப் பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள். எல்லாம் கபிலம், கறுப்பு, பாசிப்பச்சை. அதனால் அந்த நிறங்களில் மூழ்கும் பூச்சி நாலைந்து போதும். எறிந்ததும் இழுக்காமல் பத்து வரை எண்ணுங்கள், அடுத்த முறை இருபது. எந்த ஆழத்தில் கொத்துகிறது என்று அப்படித்தான் பிடிபடும். மிதக்கும் பூச்சியை, மீன் மேலே வந்து வட்டம் போடும்போது மட்டும் எடுங்கள்.

இனி கொக்கி. நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் சின்ன முள் மீனைக் கழர விடாது. சாப்பிடப் பிடிக்கிறீர்களா, பிடியுங்கள், ஹலாலான உணவு. போட்டோ எடுத்துவிட்டு, வாய் கிழிந்த மீனைத் திரும்ப விட்டு, "நாங்க கொல்றதில்லை" என்று பெருமையாகப் போஸ்ட் போடுகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. திரும்ப விடுவதானால் முள் இல்லாத கொக்கி வாங்குங்கள், கையை நனைத்துவிட்டு மீனைத் தொடுங்கள். முள் இல்லாவிட்டால் சில மீன் தப்பும்தான். நூலைத் தளரவிடாமல் பிடிக்கப் பழகுங்கள்.

மாணவர் ஓட்டோக்காரரிடம் குறடு வாங்கி, தேத்தண்ணிக் கடையிலேயே இருந்து முட்களை நசுக்கத் தொடங்கினார். நாலு கொக்கி உடைந்தே போனது.