சுழிப்பிழை: இல்லை!

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்து ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். திருகு அளவியானாலும் வெர்னியரானாலும் 'சுழிப்பிழை: இல்லை' என்றே நம்மில் பெரும்பாலோர் எழுதியிருப்போம். நானும் அப்படித்தான் எழுதினேன். கருவியைப் பார்த்து எழுதவில்லை. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினேன். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பொய்யாகக் கூடும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில், கோவைப் பக்கம் என் தாய்மாமன் லேத் ஓட்டும் பட்டறைக்கு, அளவு பார்க்கும் அறையில் எடுபிடியாகப் போனேன். அங்கே சி.எம்.எம். என்னும் அளவு எந்திரம் ஒன்று உண்டு. அதன் புரோப்பின் நுனியில் சின்னஞ்சிறு ரூபி உருண்டை. அது பொருளைத் தொட்ட கணமே, தொட்ட இடத்தை நீள, அகல, உயரத்தோடு எந்திரம் குறித்துக்கொள்ளும். இவ்வகைத் தொடு புரோப்பை 1972-இல் இங்கிலாந்தில் டேவிட் மெக்மர்ட்ரி உருவாக்கினார். கான்கார்டு விமான எஞ்சினின் எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டி எழுந்த தேவையே அதற்குக் காரணம்.

எந்திரம் குறிப்பது ரூபி உருண்டையின் மையத்தை. ஆகவே துளையை அளக்கும்போது உருண்டையின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். தண்டை அளக்கும்போது கழிக்க வேண்டும். அந்த விட்டத்தை அறிய, அளவு துல்லியமாகத் தெரிந்த மாஸ்டர் பால் ஒன்றைப் பல இடங்களில் தொட்டு முதலில் கணக்கிட வேண்டும். புரோப் காலிபரேஷன் என்பது இதுதான்.

ஒருநாள் மாமா கடைந்த 40 உருப்படிகளிலும் துளை 12 மைக்ரான் பெரிது என்றது எந்திரம். சிறிய துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சிறிதாக்க முடியுமா? சரக்கு முழுதும் கழிவு, சம்பளத்தில் பிடித்தம் என்று பேச்சு எழுந்தது. இருபது ஆண்டு அனுபவமுள்ள மாமா தலைகுனிந்து நின்றார். கம்ப்யூட்டர் சொன்னதை மறுப்பார் யார்?

அங்கிருந்த வயதான இன்ஸ்பெக்டர் ஒருவர் மட்டும், "கொஞ்சம் பொறுங்க" என்றார். புரோப் முனை திருகு இறுக்கமாக உள்ளதா, ரூபியிலும் மாஸ்டர் பாலிலும் அழுக்கு உண்டா, அறையின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தார். குறையில்லை. மீண்டும் காலிபரேஷன் செய்தார், அளவுகள் சிதறவில்லை. பிறகு, அளவு தெரிந்த ரிங் கேஜின் துளையை அளந்தார்: 12 மைக்ரான் கூடுதல். பிளக் கேஜை அளந்தார்: 12 மைக்ரான் குறைவு. "தப்பு உருப்படியில இல்ல தம்பி, புரோப் விட்டத்துல" என்றார்.

அன்று காலை மாஸ்டர் பாலை மாற்றியவர்கள், பழைய பாலின் விட்டத்தையே கம்ப்யூட்டரில் விட்டிருந்தார்கள்! புதிய பால் 12 மைக்ரான் பெரிது. அந்த மிகுதி முழுதும் ரூபியின் கணக்கில் ஏறிவிட்டது. எண்ணைத் திருத்தி அளந்ததும் நாற்பதும் தேறின.

நண்பர்களே, திரும்பத் திரும்ப ஒரே அளவு வருவது வேறு. சரியான அளவு வருவது வேறு. இதைத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு நாம் எழுதியிருக்கிறோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறோம்? விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அளவீடுகளை 'அமைக்கிறோம்'. விடை பிசகினால் மதிப்பெண் போய்விடுமே என்ற அச்சம்தான் காரணம்.

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள்: பிசகிய அளவீட்டையும் அதன் காரணத்தையும் நேர்மையாக எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கொடுங்கள். பருவத்துக்கு ஒருமுறையேனும் பழுதுள்ள கருவி ஒன்றைக் கொடுத்துப் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கருவி குறைவு, மாணவர் மிகுதி, நேரமேது என்று கேட்கலாம். திருகு அளவியின் இரு முகங்களையும் சேர்த்துச் சுழியைப் பார்க்க அரை நிமிடம் போதுமே!

என் மாமாவைப் போன்றோரால் எந்திரத்தை எதிர்த்துப் பேச இயலாது. அதைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒருவர் அன்று பக்கத்தில் இருந்தார். நாளை அந்த இடத்தில் நிற்கப் போவது நாம். இனி என் நோட்டில் 'சுழிப்பிழை: இல்லை' என்று இருந்தால், பார்த்த பிறகே எழுதியதாக இருக்கும்.