‘அங்கே’ என்றொரு சொல்

குரோம்பேட்டையில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் தோழி ஒருவர் அண்மையில் சொன்னார். திருமணம் நிச்சயமான பெண்கள் சிலர் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றைத்தான்: "டாக்டர், எனக்கு அங்கே நார்மலாத்தான் இருக்கா?" நோய் ஏதுமில்லை. யோனியின் உள்ளிதழ்களில் ஒன்று மற்றதைவிட நீண்டிருக்கும், அல்லது கறுத்திருக்கும். அவ்வளவே. 'அங்கே' என்பதைத் தவிர வேறு சொல் அவர்களிடம் இல்லை.

தாம்பரம் திரும்பும் மின்ரயிலில் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். சானடோரியம் நிலையம் வந்தது. 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கும் இடம். சித்த மருத்துவம் பயின்ற கவிஞர் குட்டி ரேவதி நினைவுக்கு வந்தார். 2002இல் தம் தொகுப்புக்கு 'முலைகள்' என்று அவர் பெயரிட்டபோது எழுந்த கூச்சலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சங்கப் பாடல்களில் இயல்பாகப் புழங்கிய சொல் அது. ஆண்டாள் பாடியபோது பக்தி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, நம் காலத்துப் பெண் எழுதியதும் ஆபாசமாகிவிட்டது.

சொல் பறிபோன இடத்தில் சந்தை வந்து அமர்கிறது. பெண்ணுறுப்பின் நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறிய கழுவுநீர் ஒன்று 2012இல் இந்தியத் தொலைக்காட்சியில் விளம்பரமானது. இன்று, இதழ்களை வெட்டிச் 'சீராக்கும்' அறுவை சிகிச்சையும் விற்பனைக்கு உண்டு.

உண்மை என்ன? லண்டன் மருத்துவர்கள் 50 பெண்களை அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளிதழின் நீளம் 2 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை இருந்தது. பெரும்பாலோருக்கு அப்பகுதி சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தே இருந்தது. முகங்கள் வேறுபடுவதைப் போலத்தான் இதுவும். வெளுத்து, சமச்சீராக, சிறிதாக இருப்பதே இயல்பு என்பது விற்பவர்கள் வகுத்த இலக்கணம்.

இதையெல்லாம் பொதுவில் பேசத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் எளியது. தன் உடலின் வடிவத்துக்கே வெட்கப்படும் பெண், வலியோ கட்டியோ மாதவிலக்கல்லாத உதிரப்போக்கோ வரும்போதும் அதே வெட்கத்தால் மருத்துவரைத் தவிர்ப்பாள். அப்போது இழப்பது தன்னம்பிக்கையை மட்டுமன்று, சில வேளை உயிரையும்தான்.

பூப்பெய்திய மகளுக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி ஊரழைத்துச் சடங்கு செய்கிறோம். அன்றே அவள் உறுப்புகளின் பெயர்களையும், அவை ஒருத்திக்கு இருப்பதுபோல் இன்னொருத்திக்கு இராது என்பதையும் ஒரு தாய் சொல்லிக்கொடுத்தால் போதும். குரோம்பேட்டையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் நடுங்க வேண்டியிராது.