நெய்தல் கற்போரும் கடற்செலவும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றனைக் கடலுக்கென்றே வகுத்த மொழி நம் தமிழ்மொழி. ஐங்குறுநூற்றின்கண் அம்மூவனார் என்னும் புலவர் நெய்தற்றிணைக்கெனவே நூறு செய்யுள் இயற்றினார். அந்நூலை ஏட்டுச் சுவடிகளினின்றும் ஆராய்ந்து 1903-ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். 1943-ஆம் ஆண்டில் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உளது. அந்நூல்நிலையத்தின் வாயிலினின்று கடற்கரைக்கு நடந்தே சென்றுவிடலாம். நெய்தலின் ஏடும் நெய்தலின் நிலமும் இத்துணை அணிமையில் ஒருங்கிருக்கும் ஊர் பிறிதொன்று உண்டோ என்று யாம் பலகால் வியந்ததுண்டு.

ஆயினும், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வதிந்து தமிழ் பயிலும் மாணவருள் எத்துணைப்பேர் அலைகடந்து ஒரு நாழிகையேனும் கடலின்மேல் இருந்திருப்பர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். மாலைக்காலத்து மணலில் அமர்ந்து சுண்டலருந்தி மீளுதலே நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு. இதன் பயன் தேர்வு விடைத்தாளில் விளங்கும். புன்னை ஒருவகை மரம். அடும்பு ஒருவகைக் கொடி. திமில் ஒருவகைப் படகு. இறவு ஒருவகை மீன். இவ்வாறெழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அடும்பு நம் கடற்கரை மணலிலேயே படர்ந்து ஊதாநிறப் பூப் பூக்கின்ற கொடி என்பதும், இறவென்பது நாம் உண்ணும் இறாலே என்பதும், இறால் மீனினத்தைச் சேர்ந்ததே அன்றென்பதும் விடைத்தாளுக்கு வேண்டப்படுவதில்லை. 'ஒருவகை' என்னும் இவ்வொரு சொல் நம் அறியாமையையெல்லாம் போர்த்து மறைக்கும் போர்வையாய் அமைந்துவிட்டது.

இக்குறை நீங்குதற்கு யாம் கூறும் வழி ஒன்றுண்டு. தமிழ் மன்றத்தார் ஆண்டுக்கொருமுறை ஒரு காலைப்பொழுதிற் கடற்செலவு மேற்கொள்ளுதல் வேண்டும்; படகிலே சென்று, நீரில் இறங்கிக் கடலடியைக் கண்டு, படகிலேயே காலையுணவு உண்டு மீளுதல் வேண்டும். இஃது இன்பச் செலவே எனினும், பாடத்திட்டத்தின் ஒரு கூறாகவே கொள்ளத்தக்கது. விலங்கியல் மாணவர் தலைமுறை தலைமுறையாகப் பாம்பனை அடுத்த குருசடைத் தீவுக்குச் சென்று கடலுயிர்களைக் கண்டு கற்று வந்தனர். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தார் 1927-ஆம் ஆண்டிலேயே அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டனர். உயிரின் பெயரைக் கற்போர்க்கு வேண்டுவதொன்று, அவ்வுயிரைப் பாடிய செய்யுளைக் கற்போர்க்கு வேண்டாதாதல் எங்ஙனம்?

கடலடியைக் காண்டற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி ஒன்று, வாயிற் கவ்விக்கொள்ளும் வளைந்த மூச்சுக்குழல் ஒன்று, மிதவைச் சட்டை ஒன்று, இவை போதும். நீர்மேற் குப்புற மிதந்தபடியே முகத்தை நீருள் வைத்து, குழல்வழி மூச்சுவிட்டுக்கொண்டு கீழே நோக்கலாம். இதனை ஸ்நார்க்கலிங் என்று வழங்குவர். குழல் ஓரடி நீளத்தின் சற்று மிக்கதாய் இருத்தலின் காரணம் அறியத்தக்கது. நீரின் ஆழம் மிகுந்தோறும் அழுத்தம் மிகும். பத்து மீட்டர் ஆழத்தில் அது கரையிலுள்ளதைப்போல் இருமடங்காகும். ஆதலின் நீண்ட குழல் கொண்டு ஆழத்திலிருந்து மூச்சிழுக்க முயல்வோன் நெஞ்சு விரியமாட்டாது தவிப்பான். பண்டைக் கொற்கையிலும் பின்னைத் தூத்துக்குடியிலும் முத்துக்குளித்தோர் குழலை நாடவில்லை. மூச்சடக்கி, கல்லைப் பற்றி மூழ்கினர். மேலே படகில் ஒருவன் அவர்தம் உயிர்க்கயிற்றைப் பிடித்திருந்தான். அவன் மைத்துனனாகவே இருப்பான் என்பது தென்கரையார் சொல்லும் வழக்கு. தங்கையின் தாலி காக்கும் கடமை கயிறு பிடிப்பவனைச் சோர்வுறவிடாது என்பது அதன் கருத்து. தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும், தனியே எவரும் நீரில் இறங்கலாகாது என்னும் அதன் பாடம் நமக்கும் உரியதே.

காலைப்பொழுதைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. இரவிற் குளிர்ந்த நிலத்தினின்று மெல்லிய காற்றுக் கடல்நோக்கி வீசும். பகலில் நிலம் வெப்பமுற்றபின் கடற்காற்றுக் கரைநோக்கி எழும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலைநேரத்தில் நீர்ப்பரப்பு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டல் தணிந்தபின், மாசி பங்குனித் திங்கள்களில் ஒரு நாளைத் தேர்ந்து கொள்ளுதல் நலம்.

நிற்க, காலையுணவைப் பற்றி ஒருசில கூறுவாம். நீரில் இறங்குமுன் வயிறார உண்ணுதல் தகாது. அலையின் ஆட்டத்தில் உண்டது தங்காது. நீந்திக் களைத்துப் படகேறியபின் உண்பதே முறை. இட்டலியும் சட்டினியும் வாழையிலையிற் பொதிந்து கொண்டு செல்லலாம். பிளாஸ்டிக் பைகள் படகேறவே கூடாது. எஞ்சியதை மீனுக்கென்று எறிதலும் ஆகாது. எறியும் உணவுக்குப் பழகிய மீன் தன் இயற்கையுணவை விட்டுப் படகையே சூழ்ந்து நிற்கும். பாசியை மேய்ந்து பவளத்தைக் காக்கும் மீனினங்கள் அக்கடமையை மறந்தால் கேடு பவளத்துக்கே.

இவற்றினும் மேலானதொன்றுண்டு. அவ்வுணவு வேளையே நம் வகுப்பாதல் வேண்டும். அவ்வகுப்பின் ஆசிரியர் படகோட்டி வரும் மீனவராதல் வேண்டும். நொச்சிக்குப்பத்தும் ஊரூர்க் குப்பத்தும் திருவான்மியூர்க் குப்பத்தும் வாழும் முதிய மீனவர், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வழங்குவர். கரையிலுள்ள கோபுரத்தையும் மாதாகோயிற் கூம்பையும் உயர்ந்த கட்டடங்களையும் ஒன்றோடொன்று இணைத்து நோக்கி, நடுக்கடலில் மீன்வளமுள்ள பாரினைக் கண்டறிவர். அவரோடு ஒரே இலைச்சோறு உண்டு, கண்ட மீனின் பெயரை வினவி, களவா இது, கிளாத்தி இது, திருக்கை இது என்று குறித்துக்கொள்வோமாயின், அன்றே நம் அகராதி வளரும். கரையேறி முட்டையிடும் சிற்றாமைக்கு அவர் வழங்கும் பெயர் பங்குனி ஆமை. அப்பெயரில் அதன் பருவமே அடங்கியிருத்தல் காண்க. நம் கடற்கரையில் மாணவர் 1988-ஆம் ஆண்டு முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவிரவாக நடந்து அவ்வாமையின் முட்டைகளைக் காத்து வருகின்றனர். அவர் அறிந்ததைத் தமிழ் மாணவரும் அறிதல் வேண்டாவோ?

கல்லூரிக்கு அழைக்கப்பெறும் சொற்பொழிவாளருக்கு மாலையும் வழிச்செலவும் மதிப்பூதியமும் அளிக்கின்றோம். படகு வாடகையைக் கணக்கிட்டுக் கொடுத்து மீனவரை அனுப்பிவிடுதல் நன்றன்று. ஆசிரியர்க்குரிய ஊதியமும் ஆசிரியர்க்குரிய வணக்கமும் அவருக்கு உரியனவாதல் வேண்டும். இஃது இயலாததன்று. 2015-ஆம் ஆண்டில் கருநாடக இசைவாணர் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குச் சென்று, அக்குப்பத்தாரோடு கூடி விழா நிகழ்த்தினர். சபைகளின் இசை குப்பத்தை அடைந்ததெனின், நெய்தலைக் கற்கும் நாம் அடைதற்குத் தடை யாது?

இக்கல்வியால் விளையும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பட்டினப்பாலையிற் பரதவர் சுறாவின் கோட்டை நட்டு வழிபடும் செய்தி வருகின்றது. கோடு என்றால் கொம்பு. சுறாவுக்குக் கொம்பேது என்று மாணவன் மயங்குவான். கடலோரத்து முதியவரை வினவின், வேளா என்றொரு பெருமீன் உண்டென்பார். சுறாவைப் போன்ற உடலும், இருபுறமும் பல்வரிசை கொண்ட வாள்போன்ற முகநீட்சியும் உடையதென்பார். அதனைக் கோடெனக் கொள்ளின் செய்யுள் உடனே ஒளிபெறும். ஆனால் அவ்வேளா மீன் இன்று நம் கடலில் அருகிவிட்டது. 2001-ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பெறும் நிலைக்கு வந்துவிட்டது. மீன் மறைந்து, அதனைக் கண்ட முதியவரும் மறைவாராயின், செய்யுள் மாத்திரம் எஞ்சும். அதன் உரையில் 'ஒருவகை மீன்' என்று எழுதிவைப்போம். கற்கத் தாழ்க்குந்தோறும் இழப்பு நமக்கே என்பது இதனால் விளங்கும்.

இனி, எதிர்வாதம் சில எழும்.

கடல் உயிருக்கு இடுக்கணாவதன்றோ என்பர் சிலர். உண்மையே. எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிறமாய் நிற்கும் ஷ்மிட் நினைவுச்சின்னம், 1930-ஆம் ஆண்டில் நீரில் மூழ்குவாரைக் காக்கப் புகுந்து தன்னுயிர் ஈந்த டென்மார்க்கு நாட்டு மாலுமியை நினைவூட்டுவது. அதனருகிலேயே இன்றும் நீந்தவறியாத இளைஞர் அலையிலிறங்கி மாய்கின்றனர். கடலை விலக்கி வைத்ததனால் அவர் உயிர் காக்கப்பெற்றதில்லை. கடலை அறியாமையே அவரைக் கொன்றது. ஆதலின் நீச்சற் பயிற்சி பெறாதவர் நீரில் இறங்கலாகாது, படகிலிருந்தே காண்க என்று விதி செய்வோம். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தார் நாடோறும் வெளியிடும் அலையறிவிப்பை நோக்கியே நாள் குறிப்போம். மீனவர் இன்று வேண்டா என்றால் அச்சொல்லே முடிவு.

மாணவியர் கடலில் இறங்கலாமோ என்பர் வேறு சிலர். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்து மகளிர் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கடலுள் மூழ்கிப் பாசி பறித்துக் குடும்பம் புரக்கின்றனர். அவருள் ஒருவராகிய இலட்சுமி அம்மையார் 2015-ஆம் ஆண்டில் சீக்காலஜி என்னும் உலகப் பரிசு பெற்றார். இவ்வினாவுக்கு அவ்வம்மையாரே விடை.

சென்னைக் கடல் கலங்கியதாயிற்றே, அங்கே காண்டற்கு என்ன உளது என்பது மூன்றாவது வாதம். மன்னார் வளைகுடாவைப்போல் இங்குப் பவளத்தோட்டம் இல்லை என்பது மெய்யே. எனினும் நீலாங்கரை, கோவளம் முதலிய இடங்களுக்கு அப்பால் பாறைகளும் அவற்றைச் சார்ந்த மீன்களும் உள. அன்றியும், கலக்கத்தின் காரணமே ஒரு பாடமாகும். கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகர்வது இக்கடலின் இயல்பு. துறைமுகம் எழுந்தபின் அம்மணல் தெற்கே தேங்கி மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை அரிப்புண்டது. கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவைக் கடலிற் சேர்க்கின்றன. முகமூடி அணிந்து கலங்கல் நீரை நேரே காண்போன், தன் வீட்டுச் சாக்கடை எங்கே சென்று முடிகின்றதென்பதையும் கண்டவனாவான்.

சென்னைக் கடலிற் பயின்றபின் மன்னார் வளைகுடாவுக்குச் செல்லலாம். 1986-ஆம் ஆண்டில் அங்கே இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாயிற்று. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் இன்று நீருள் ஆழ்ந்துவிட்டன. தூத்துக்குடிப் பகுதியிற் சுண்ணாம்புக்காகப் பவளத்தை நெடுங்காலம் வெட்டியெடுத்தமை அதற்கொரு காரணம். கடல்நீர் அளவிறந்து வெப்பமுற்றதனால் 2016-ஆம் ஆண்டிற் பவளங்கள் வெளுத்து, அவற்றுட் பல இறந்தன. அத்தகைய இடத்துக்கு விருந்தினராய்ச் செல்வோர் விருந்தினர்க்குரிய ஒழுக்கத்தோடு செல்லுதல் வேண்டும். வனத்துறையின் இசைவு பெற்றே செல்லுக. பவளத்தின்மேற் காலூன்றற்க, நங்கூரம் இடற்க, ஒரு சிப்பியையும் எடுத்து வரற்க. பெயர்களை மட்டும் கொண்டு வருக.

ஆகவே, தமிழ் மன்றத் தலைவர்க்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் இவ்விதழ் வாயிலாக யாம் செய்துகொள்ளும் வேண்டுகோள் இதுவே. வரும் மாசித் திங்களில் ஒரு காலைப்பொழுதை நெய்தலுக்கென ஒதுக்குக. பழைய மாணவருள் வசதி படைத்தோர் படகுச் செலவை ஏற்பாராக. நீந்த அறியாத மாணவர் இன்றே நீந்தக் கற்பாராக. பாட்டில் வரும் மீனுக்கும் வலையில் வரும் மீனுக்கும் பெயர் ஒன்றே என்று கண்டு தெளிந்த நூறு மாணவர் இக்கல்லூரியினின்று வெளிப்படுவாராயின், அம்மூவனாரின் நூறு செய்யுட்கும் அவரே புதிய உரையாவர்.