கதைப் போட்டியும் தலைவிதியும்

சென்ற மாதம் ஒரு வாலிபத் தோழர் நம்மைக் காண வந்திருந்தார். பகலில் தையல் வேலை, இரவில் கதை எழுதும் வேலை. ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு மூன்று வருஷமாய் அனுப்பியும் ஒன்றும் தேறவில்லையாம். “எனக்கு எழுத்து ராசி இல்லீங்க ஐயா, விதி அவ்வளவுதான்” என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். அவர் அனுப்பிய கதையின் பிரதியை வாங்கிப் பார்த்தோம். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு யாவும் எழுதப்பட்டிருந்தன. ஆனால் கதைத் தாளில் எழுதினவர் பெயர் எங்கும் இருக்கக் கூடாதென்று அப்பத்திரிகை கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கின்றது! தலைவிதியை நம்பின தோழர் போட்டி விதியைப் படிக்கவில்லை. ராகுகாலம் கழித்துத் தபாலில் சேர்த்தாராம். அந்த ஒன்றரை மணி நேரம் விதிகளைப் படிக்கப் போதாதா என்று கேட்கின்றோம்.

பெயரை ஏன் மறைக்கச் சொல்லுகின்றார்கள்? பெயரைக் கண்டால் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன ஜாதி, வேண்டியவரா வேண்டாதவரா என்பதெல்லாம் தெரிந்து விடுகின்றது. இலை போடுமுன் குலம் விசாரிக்கும் நாட்டில், யார் எழுதியதென்று கேளாமல் எழுத்தை மாத்திரம் நிறுத்துப் பார்ப்பது சாமானிய காரியமல்ல. இந்த ஒன்றிற்காகவே நாம் இப்போட்டிகளை மதிக்கின்றோம்.

ஆனால் இதிலும் பித்தலாட்டம் நுழையாமலில்லை. அமெரிக்கரான எட்கார் ஆலன் போ என்பவர் 1831ல் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றின் 100 டாலர் போட்டிக்குக் கதைகள் அனுப்பினார். பரிசு டிலியா பேக்கன் என்னும் பெண்மணிக்குப் போயிற்று. தோற்ற போவின் ஐந்து கதைகளை 1832ல் அதே பத்திரிகை அச்சிட்டுக் கொண்டது! அவர் தன் ராசியை நொந்து கொண்டு உட்காரவில்லை. 1833ல் பால்டிமோர் பத்திரிகை ஒன்று கதைக்கு 50 டாலரும் பாட்டுக்கு 25 டாலரும் அறிவிக்கவே, ஆறு கதைகளையும் ஒரு பாட்டையும் அனுப்பினார். புட்டியில் கிடைத்த கையெழுத்துப் பிரதியைப் பற்றிய கதைக்கு 50 டாலர் கிடைத்தது. பாட்டுப் பரிசைப் பெற்றவரோ ஹென்றி வில்ட்டன் என்பவர். அந்த வில்ட்டன் யாரென்றால், அப்பத்திரிகையின் ஆசிரியர் ஹ்யூவிட்டேதான், புனைபெயரில்! பெயரை மறைப்பது யோக்கியனுக்கும் உதவும், மற்றவனுக்கும் உதவும். எனினும் போவுக்கு அப்போட்டியில் கிடைத்த பெரிய லாபம் 50 டாலர் அல்ல. நடுவர்களில் ஒருவரான கென்னடி, அவர் படும் வறுமையைக் கண்டு உடையும் உணவும் கொடுத்து, ரிச்மண்ட் நகரப் பத்திரிகையொன்றில் வேலை கிடைக்கவும் உதவினார். 1843ல் வேறொரு பத்திரிகையின் போட்டியில் 100 டாலரும் வாங்கினார் போ. எந்தக் கிரகம் எந்த வீட்டிற்குப் பெயர்ந்ததால் இது நடந்ததென்று ஜோசியர்கள்தான் சொல்ல வேண்டும்.

பணம் கட்டச் சொல்லும் போட்டிகள் யாவும் மோசடியென்று நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1973 முதல் நடக்கும் பிரிட்போர்ட் போட்டியே நுழைவுக் கட்டணம் வாங்குவதுதான். ஆனால் “உங்கள் கதை தேர்வாயிற்று, தொகுப்பில் இருபது பிரதி வாங்கிக் கொள்ளுங்கள்” என்று எழுதுகின்றவர்களிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். அங்கே தேர்வானது கதையல்ல, உங்கள் மணிபர்ஸ். கதையின் உரிமை முழுவதும் எங்களுக்கே என்ற வரி இருக்கின்றதா என்றும் பாருங்கள்.

காசு கேட்காத போட்டிகளும் உண்டு. 2012 முதல் காமன்வெல்த் நாட்டினருக்கென நடந்துவரும் சிறுகதைப் பரிசு அப்படிப்பட்டது. எங்கும் வெளிவராத கதையாக, 2,000 முதல் 5,000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். தமிழில் எழுதிய கதைகளையும் அங்கே ஏற்று வந்திருக்கின்றார்கள். இங்கிலீஷ் வராதே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 2016ல் அப்பரிசைப் பெற்ற பராசர் குல்கர்னி என்னும் இந்தியரின் கதை, பசுவின் படத்தைப் போட்டுச் சரக்கு விற்கப் பார்த்தவர்களைப் பற்றிய பரிகாசம்!

நாமும் ஒரு காலத்தில் மூன்று கதைகள் போட்டிக்கு அனுப்பித் தோற்றவர்களே. நடுவர்கள் நமக்கு விரோதிகள் என்று நெடுநாள் சொல்லிக் கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தால், கதாநாயகன் மூன்று பக்கம் பிரசங்கம் செய்கின்றான். அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்பதற்கு ஒரு வரியில்லை. நடுவர்களின் நிலைமையில் நாமிருந்தாலும் தள்ளியே இருப்போம்.

நிற்க, தையல்காரத் தோழரின் கதை காஜா எடுக்கும் ஒரு சிறுவனைப் பற்றியது. அவன் முதலாளியிடம் பாக்கிக் கூலி கேட்க வாயெடுத்து, ஊசி வேண்டுமென்று கேட்டுவிட்டுத் திரும்பும் இடம் நம்மைக் கலக்கி விட்டது. அதற்கு முன்னால் இரண்டு பக்கம் சூரியோதய வர்ணனை. அதை அடியோடு எடுத்து விடுங்கள் என்றோம். தோழரின் முகம் சுண்டிப் போயிற்று. யோசிக்கின்றேன் என்று தாள்களைச் சுருட்டிக் கொண்டு போனவர், போகும்போது போட்டி விதிகள் அச்சிட்ட பக்கத்தை மாத்திரம் நம்மிடம் கேட்டுக் கிழித்து எடுத்துப் போயிருக்கின்றார்.