கப்பல் சங்கும் வெள்ளிக் கிரகமும்



வெள்ளிக்கு விண்கலம் அனுப்ப 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு 1,236 கோடி ரூபாய். "எண்ணூர் முகத்துவாரத்தையே சுத்தம் பண்ண முடியல, வெள்ளிக்கு எதுக்கு?" என்று குடும்பக் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். கோபம் நியாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் கலந்தபோது நம் மீனவர்கள் பட்ட பாடு தெரியாதா? ஆனால் அந்தக் கணக்கை வெள்ளியிடம் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

ராயபுரத்தில் படுத்துக்கொண்டே கப்பல் சங்கைக் கேட்டிருப்பீர்கள். பெரிய கப்பல் அடித்தொண்டையில் ஊதும். பன்னாட்டு விதியே அப்படி: 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமானால் 70 முதல் 200 ஹெர்ட்ஸ், 75 மீட்டருக்குக் குறைந்தால் 250 முதல் 700. சத்தத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்.

கிரகங்களும் ஏறக்குறைய அப்படித்தான். சூரியக் காற்று மோதும்போது பூமியின் காந்தக் கோடுகள் வீணைத் தந்திபோல அதிர்கின்றன. காதுக்குக் கேட்காது, ஓர் அதிர்வுக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். புதனின் காந்தக் கூடு சிறியது. 1974-இல் அங்கே பறந்த மரைனர் 10 பதிவு செய்த அலைக்குச் சில விநாடிகளே. வியாழனிலோ பல பத்து நிமிடங்கள். அளவு மட்டும் காரணமில்லை. வியாழனின் நிலா அயோவில் எரிமலைகள் கக்குவதில் விநாடிக்குச் சுமார் ஒரு டன் அந்தக் காந்தக் கூட்டில் சேர்கிறது. தந்தி கனத்தால் மெதுவாக அதிரும், வகுப்பில் சொன்னதுதான்.

பூமியை மட்டும் பார்த்தால் நீளத்தால் வந்தது எது, கனத்தால் வந்தது எது என்று பிரிப்பது கடினம். பூமியின் காந்தத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதனை செய்யவும் முடியாது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப் புலம் இல்லை. சூரியக் காற்று அதன் மேல் வளிமண்டலத்திலேயே மோதுகிறது. நம்மால் செய்ய முடியாத சோதனையை இயற்கை பக்கத்து வீட்டில் செய்து வைத்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டாமா?

மீனவருக்கு இதில் என்ன? கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்க நாம் நம்பியிருக்கும் இன்சாட் செயற்கைக்கோள்கள் இதே காந்தக் கூட்டுக்குள்தான் சுற்றுகின்றன. இந்த மெதுவான அலைகள் எலக்ட்ரான்களை வேகப்படுத்தும். அவை செயற்கைக்கோளின் மின்னணுக் கருவிகளைக் கெடுக்கக்கூடும். அலையைப் புரிந்துகொள்வது அந்த எச்சரிக்கையைக் காப்பாற்றிக்கொள்வதும்தான்.

முகத்துவாரத்தை அழுக்காக்கியவர்களிடம் பணம் கேட்டு மனு எழுது தம்பி. முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.