கேட்க விடாத வகுப்பறை

 

மரக்காணத்து உப்பளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் கோடை மாதங்களில், எங்கள் மதரஸாவின் சன்னலுக்கு வெளியே உப்பு லாரிகளின் ஓட்டம் ஓய்வதில்லை. உள்ளே தகரக் கூரையின் கீழ் 40 பிள்ளைகள் ஒரே குரலில் ஓதுவார்கள். இந்த முழக்கமே ஓதலின் அழகு என்று எண்ணியிருந்தவன் நான்.

சென்ற ஆண்டு, காதுக்கருவி அணிந்த 8 வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். ஸீன், ஷீன், ஸாத் மூன்றையும் மாற்றி மாற்றி உச்சரித்தான். பாடத்தின் நடுவே கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கவனமற்ற பிள்ளை என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் அவன் தாயார் வந்து, "ஹஜ்ரத், வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் சரியாகச் சொல்கிறான். இங்கே வந்தால்தான் தலை வலிக்கிறது என்கிறான்" என்றார். நான் நாணிப் போனேன்.

கண்ணாடி பார்வையைத் தெளிவாக்குவது போலக் கருவி கேள்வியைத் தெளிவாக்கிவிடும் என்று நினைக்கிறோம். அப்படியன்று. ஆசிரியரின் குரலோடு மின்விசிறியின் ஓசையையும் அது சேர்த்தே பெரிதாக்குகிறது. இன்றைய கருவிகள் இரைச்சலை ஓரளவு தணிக்கும், முற்றிலும் நீக்கா. ஆ, ஊ போன்ற உயிரொலிகள் இரைச்சலைத் தாண்டி வந்துவிடும். ஸீனும் ஷீனும் மெலிந்த ஒலிகளாதலால் அமிழ்ந்துபோகும். பிள்ளை தவறாகச் சொல்லவில்லை. அவன் செவியில் விழுந்ததைச் சொன்னான்.

செவித்திறன் குன்றிய பிள்ளைக்கு, ஆசிரியரின் குரல் இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்பர் வல்லுநர். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே தொலைவில் நின்று கத்துவதைவிட அருகே செல்வதே மேல்.

அவனைச் சாலைப்பக்கச் சன்னலை விட்டு விலக்கி, எனக்கு நேர் எதிரே அமர்த்தினேன். தரைக்குக் கோரைப்பாய், சன்னலுக்குத் தடித்த திரை. எல்லோரும் ஒருசேர ஓதுவதை மாற்றி, வரிசை வரிசையாக ஓதச் செய்தேன். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் என் பழக்கம் போகத்தான் வெகுநாளாயிற்று! உதட்டசைவும் அவனுக்குப் பாடமாயிற்றே. முகத்திரை அணியும் ஆலிமாக்கள் பிள்ளைகள் முன் அதை விலக்கிக்கொண்டு பாடம் சொல்லலாம்.

வீட்டில் பேசும் நேரமாவது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். திருமண மண்டபத்தில் மறுகோடியிலிருந்து பெயர் சொல்லி அழைக்காமல், அருகே சென்று தோளைத் தொட்டுப் பேசுங்கள்.

ஆசிரியரின் சட்டைக் கழுத்தில் மாட்டும் சிறு ஒலிவாங்கியும் உண்டு. வானொலி அலை வழியே குரலை நேரே பிள்ளையின் கருவிக்கு அனுப்பும். விலை அதிகம், எல்லாக் கருவிகளோடும் பொருந்தாது. வாங்குமுன் செவித்திறன் வல்லுநரைக் கேட்க வேண்டும். நம் பகுதியினருக்குப் புதுச்சேரி ஜிப்மர் அருகில் உள்ளது. பேசத் தொடங்காத மழலையர்க்குச் சென்னையில் 1969-இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயா இருக்கிறது.

மழை நாளில் தகரக் கூரை முழங்கும்போது என் ஏற்பாடெல்லாம் பயனற்றுப் போகின்றன. அன்று அவனைப் பக்கத்தில் அமர்த்தி எழுதச் சொல்கிறேன். அவன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.